மூன்று தரம் அலசிய போத்தல்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. யாழ்ப்பாணத்தில் குடிதண்ணீரைச் சோதிக்கும் பொது ஆய்வுகூடம் ஒன்றில் அப்போது நான் நிரந்தரமில்லாத அமைய ஊழியனாக இருந்தேன். அது எந்த ஆய்வுகூடம், கதையில் வரும் பள்ளிக்கூடம் எது என்று எழுதப் போவதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிறகு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. மீன் லொறியில் கிளீனர், கொழும்பில் கட்டட வேலை, கட்டாரில் ஒரு வருடம், திரும்பி வந்து கிளிநொச்சியில் அரிசி ஆலை. ஓரிடத்தில் ஒரு வருடம் கடந்தால் கால் உளையத் தொடங்கிவிடும். இந்த வேலையில் மட்டும் இரண்டு வருடம் நின்றுவிட்டேன். ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவ வேண்டும், பிறகு ஐஸ் பெட்டியோடு ஓட்டோவில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். போகிற இடமெல்லாம் என்னைப் படித்தவன் என்று நினைத்துக் கதிரை போட்டார்கள். அதுவரை எனக்கு யாரும் கதிரை போட்டதில்லை.

போத்தல்கள் இரண்டு வகை. உப்பு, நைத்திரேற்று பார்ப்பதற்குப் பிளாஸ்ரிக் போத்தல். கிருமி பார்ப்பதற்குக் கண்ணாடிப் போத்தல், மூடிக்கு மேல் மண்ணிறக் கடதாசி கட்டியிருக்கும். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் விட்டுப் போகும்போது அரை நாளில் எல்லாம் சொல்லித் தந்தார். "எடுக்கப் போற தண்ணியாலை மூண்டு தரம் அலசிப்போட்டு எடு" என்றார். அது பிளாஸ்ரிக் போத்தலுக்கு மட்டும் சொன்னது என்று எனக்கு விளங்கவில்லை. நான் இரண்டையும் அலசினேன்.

கண்ணாடிப் போத்தலின் அடியில் மெல்லிய வெள்ளைத் தடம் ஒன்று எப்போதும் படிந்திருக்கும். கழுவுகிறவன் நான். சரியாகக் கழுவாமல் சவர்க்காரத் தூள் ஒட்டியிருக்கிறது, ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மிஸ் கண்டால் ஏசுவார் என்று நினைத்து அதை இன்னும் நன்றாகக் குலுக்கி ஊற்றுவேன். நான் கழுவி வாசலில் வைக்கும் போத்தல்கள் உள்ளறைக்குப் போய், கடதாசி கட்டப்பட்டுத்தான் வெளியே வரும். அங்கே என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த விடுமுறையில் உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். மிஸ் அவர்களை என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

"மூண்டு கிழமை எங்களோடை நிப்பினம். ஒண்டும் உடையாமல் பாத்துக்கொள்ளும்."

"எங்களையோ மிஸ், போத்திலையோ?" என்றான் ஒரு பெடியன்.

"உன்னை உடைச்சால் ஆரும் கேக்கமாட்டினம். போத்திலுக்குத்தான் நான் கையெழுத்து வைக்கோணும்."

எல்லோரும் சிரித்தோம். பெடியன்கள் இருவரும் ஃபோனோடு மூலையில் ஒதுங்கிவிடுவார்கள். ஒரு பிள்ளை பேசவே மாட்டாள். மற்றப் பிள்ளைதான் எங்கும் தலையை நீட்டுவாள். தொண்டைமானாற்றில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஒரு கொப்பியும் ஆயிரம் கேள்வியும் எப்போதும் அவளிடம் இருக்கும். "அண்ணை, உது என்னத்துக்கு? அண்ணை, உதை ஏன் நெருப்பிலை காட்டுறியள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

மூன்றாவது கிழமை, வலிகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் தாங்கியில் தண்ணீர் எடுக்கச் சொன்னார்கள். பள்ளி திறக்க முன் ஒருதரம் பார்த்துத் தரும்படி கல்விக் கந்தோர் அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. முந்திய பள்ளித் தவணையில் அங்கே பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, சிலரை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்போதும் தண்ணீர் எடுத்தவன் நான்தான். கிருமி இல்லை என்று எங்கள் கடதாசி போனது. தண்ணீர் சுத்தம் என்றால் சாப்பாட்டில்தானே பிழை? மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அக்காவின் வீடு பள்ளிக்கூடத்துக்கு நேரெதிரே. தொண்டைமானாற்றுப் பிள்ளையும் நானும் போன ஓட்டோவைக் கண்டதும் ஒழுங்கையைக் கடந்து வந்துவிட்டார்.

"தம்பி, இந்தமுறை வடிவாப் பாருங்கோ. என்ரை சோத்திலை ஒண்டுமில்லை. அதே சோத்தைத்தான் என்ரை பிள்ளையும் திண்டது."

"நாங்கள் பாத்துத்தானே அக்கா சொன்னது. தண்ணி சுத்தம்."

"இப்ப கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனாலும், 'நீ இரு பிள்ளை, நாங்கள் வெட்டுறம்' எண்டு கத்தியை வாங்கி வைக்கினம். என்ரை கையாலை ஒருத்தரும் ஒண்டும் வாங்கினம் இல்லைத் தம்பி."

நான் தலையை ஆட்டிவிட்டுத் தாங்கிக்குப் போனேன். குழாய் வாயை நெருப்பில் காட்டினேன், கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டேன், கண்ணாடிப் போத்தலைத் திறந்து பிடித்துக் குலுக்கி ஊற்றினேன்.

"அண்ணை, நில்லுங்கோ! ஏன் அதை ஊத்தினனீங்கள்?" என்றாள் தொண்டைமானாற்றுப் பிள்ளை.

"அலசாமல் எடுக்கிறதோ? அடியிலை சவர்க்காரம் கிடக்கிறது தெரியேல்லையோ?"

"அது சவர்க்காரம் இல்லை, மருந்து. மிஸ் துளித்துளியா விடுறதை நேற்று உள்ளுக்கை நிண்டு பாத்தனான். தண்ணியிலை கிடக்கிற குளோரீன் போத்திலுக்கையும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்குமாம். எங்கடை இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குள்ளை எல்லாம் செத்துப்போம். அப்பிடிச் சாகாமல் குளோரீனை நிப்பாட்டத்தான் அந்த மருந்து."

"பிள்ளை, நீ வந்து மூண்டு கிழமை. நான் ரெண்டு வருசமா இப்பிடித்தான் எடுக்கிறன்."

"ரெண்டு வருசமாவோ?" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று தரமும் அலசி என் போத்தலை நிரப்பினேன். அவள் பெட்டியில் இருந்த மேலதிகப் போத்தல் ஒன்றை எடுத்து, அலசாமல் அதே குழாயில் பிடித்து, லேபலில் தன் எழுத்தில் குறித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் மிஸ் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மேசையில் வட்டத் தட்டுகள் இரண்டு. என் போத்தலின் தட்டு வெறுமையாக இருந்தது. அவளுடைய தட்டில் அம்மை போட்டதுபோல மஞ்சள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கிருமி. அவள் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டும் ஒரே பைப் எண்டு பிள்ளை சொல்லுறா. போத்திலை நீர் அலசினனீரோ?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. அந்தப் பள்ளிக்கூடம் மட்டுமல்ல, இரண்டு வருடமாக நான் எடுத்த குளோரீன் போட்ட தண்ணீர் முழுவதும் அப்படித்தான். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் போயிருந்த நேரம் அது. ஆனால் வேலையை மட்டும் சாட்டுவது பொய். வேலை போனால் இன்னொன்று தேடுவேன், அது எனக்குப் புதிதல்ல. எனக்குப் போட்ட கதிரைகள் எல்லாம் திரும்ப எடுக்கப்படும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்லை மிஸ்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிள்ளை மூடியின்ரை உள்பக்கத்திலை கை வைச்சவ. நான் கண்டனான். சின்னப்பிள்ளைதானே எண்டு பேசாமல் விட்டனான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை!" என்றாள்.

மிஸ் என்னை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருடக் கடதாசிகளில் இருந்த கையெழுத்து அவருடையது. "பயிற்சிக்கு வந்த ஆக்கள் எடுத்ததைக் கணக்கிலை எடுக்கேலாது. திரும்ப எடுப்பம்" என்றார்.

திரும்பவும் எடுக்கப் போகிறோம் என்று கந்தோர் மூலம் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. நான் போனபோது தாங்கியை இறைத்து, உரஞ்சிக் கழுவி, மூக்கில் ஏறும் அளவுக்குக் குளோரீன் கொட்டியிருந்தார்கள். இந்தமுறை நான் அலசவில்லை. தண்ணீர் உண்மையாகவே சுத்தமாக இருந்தது. சுத்தம் என்றே கடதாசி போனது. அந்த அக்காவின் மேல் விழுந்த பழி இரண்டாம் முறையும் உறுதியாயிற்று.

அதன்பிறகு நான் எந்தக் கண்ணாடிப் போத்தலையும் அலசவில்லை. வேறு ஊர்களின் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் புள்ளிகள் வரத் தொடங்கின. மிஸ் ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பாராமல், "மழை தொடங்கினால் கிணறுகள் இப்பிடித்தான்" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நானும் "ஓம் மிஸ்" என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த விடயம் அதோடு முடிந்தது. அதன்பின் புள்ளி வந்த இடங்களுக்கு அறிவித்தோம், தாங்கிகள் கழுவப்பட்டன. பழைய கடதாசிகளை யாரும் புரட்டவில்லை.

பிள்ளைகளின் கடைசி நாளில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். நால்வருக்கும் ஒரே வசனங்கள். அவள் தன்னுடையதை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள், ரோல்ஸைத் தொடவில்லை. நான் வாசலில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிட்ட வந்து நின்றாள்.

"என்னைச் சொன்னது பரவாயில்லை. நான் வீட்டை போறன். அந்த அன்ரி அங்கைதானே இருக்கப்போறா. அவவிட்டை எண்டாலும் போய்ச் சொல்லுவீங்களோ?"

"சொல்லுறன் பிள்ளை."

"எப்ப?"

பஸ் பிந்திவிடும் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

சொல்லத்தான் போனேன். இரண்டு மாதம் கழித்து. அந்த அக்கா ஊருக்கு வெளியே ஒரு வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரம்பில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், வெள்ளைத் தடம், அந்தப் பிள்ளை, என் பொய். அவர் அழவில்லை, ஏசவில்லை, கையை நிறுத்தவும் இல்லை. ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஒரு கடதாசியிலை எழுதித் தருவீங்களோ தம்பி? உங்கடை பேரைப் போட்டு. கோயில்லை கொண்டுபோய்க் காட்டோணும்."

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

"ஓம், யோசியுங்கோ" என்றுவிட்டு அடுத்த வரிசைக்குக் குனிந்துவிட்டார்.

நான் திரும்பிப் போகவில்லை. நிரந்தரமாக்கிய கடிதம் மார்கழியில் வந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம்கூட அங்கே நிற்கவில்லை. கால் உளையுது என்று எல்லோருக்கும் சொன்னேன். எப்போதும் சொல்கிற காரணம் என்பதால் ஒருவரும் மேலே கேட்கவில்லை. இப்போது வேறொரு மாவட்டத்தில் லொறிக்கு மண் ஏற்றுகிறேன். இங்கே எனக்கு யாரும் கதிரை போடுவதில்லை.

அந்த அக்கா கேட்ட கடதாசியைத்தான் மூன்று வருடம் பிந்தி இப்போது எழுதியிருக்கிறேன். ஆனால் என் பெயரை மறைத்தால்தான் எனக்கு உண்மை எழுத வருகிறது. பெயர் போடாத இந்தக் கடதாசியை அவர் எந்தக் கோயிலிலும் கொண்டுபோய்க் காட்ட முடியாது என்பது, ஒவ்வொரு முறை ஒரு போத்தலில் தண்ணீர் பிடிக்கும்போதும் என் நினைவுக்கு வருகிறது.