கைவீசி நடந்தவர்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட, நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் வரை நடந்தோம். நான் தன்னார்வலர். வழியில் ஓர் அக்கா நெஞ்சில் கையை அழுத்தியபடியே பின்தங்கினார். மூச்சுத் திணறல் என்று நினைத்து, வேனில் ஏறச் சொல்லி வற்புறுத்தினேன்.

"மூச்சுலாம் நல்லாத்தான் கீதும்மா. ஆப்ரேசன்ல ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. ஜாக்கெட்டுக்குள்ள துணியச் சுருட்டி வெச்சிகீறேன், நடந்தா நழுவுது."

சற்று யோசித்தவர், திரும்பி நின்று அந்தத் துணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத்த வெச்சுக்கோ. பாக்கறவங்க பாக்கட்டும், இன்னா இப்போ?"

இரண்டு கையையும் வீசி நடந்தார். எட்டிப்பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

'கூச்சம் வேண்டாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள்' என்று என் பனியனில் அச்சடித்திருந்தது. கூச்சத்தால் நானே இன்னும் போகவில்லை என்பதை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன்.