ரூவானில் எந்தத் தேவாலயம்?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இன்று முடி வெட்டப் போனேன். மடியில் பிரான்சின் ரூவான் நகரத்துக்கான சுற்றுலா வழிகாட்டிப் புத்தகம். அடுத்த வாரம் போகிறோம்.

முடி வெட்டும் யாழ்ப்பாணத்து அண்ணன் அட்டையைப் பார்த்ததும் கத்தரியை நிறுத்தினார்.

“அங்க நாலு மாசம் இருந்தனான்.”

“பார்க்க என்ன இருக்கு அண்ணே?”

“தெரியாது தம்பி. களவா லண்டனுக்கு அனுப்பும்வரைக்கும் ஏஜென்ட் எங்களை ஒரு அறைக்குள்ள பூட்டி வச்சிருந்தவன். யன்னல் திறக்க ஏலாது. சேர்ச் மணி மட்டும் கேக்கும்.”

சீப்பால் நாற்காலியில் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, சற்று அமைதி, மீண்டும் மூன்று.

“அந்தச் சேர்ச்சை ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

வழிகாட்டியில் பக்கத்துக்குப் பக்கம் தேவாலயங்கள். எது எப்படி ஒலிக்கும் என்று ஒரு வரியும் இல்லை.

ரூவான் போய்வந்தவர்களே, யாராவது காது கொடுத்துக் கேட்டீர்களா?