டெல்மர் நம்பாத துப்பாக்கி

என் தங்கை லோர்னாவைக் கட்டிக்கொண்ட டெல்மர் சந்தேகத்தைச் சோறு போட்டு வளர்க்கிற ஆள். இடாஹோ மலைப்பக்கம் இருக்கிற எங்கள் சாலிஸ் ஊரில் பெட்ரோல் போட வருகிறவர்கள் வண்டியோடு வருவார்கள். அவன் அளவுக்கோடு போட்ட தகர டப்பா ஒன்றையும் கொண்டுவருவான். முதலில் டப்பாவில் பிடித்துப் பார்த்து, கோட்டில் சரியாக நின்றால்தான் வண்டிக்கு ஊற்றுவான். டப்பாவில் பெட்ரோல் எப்போதும் கோட்டில் சரியாகத்தான் நிற்கும். அன்றைக்கு முழுக்க அவனுக்கு முகமே சரியிருக்காது.

வேட்டையாடிய மானைக் கறி வெட்டும் கடையில் கொடுத்துவிட்டு வருகிற எல்லோருக்கும் உள்ளே ஒரு அரிப்பு இருக்கும். நம் மான்தான் நம் வீட்டுக்கு வருகிறதா, வேறு எவனுடைய கிழட்டு மானாவது வருகிறதா என்று. நாங்களெல்லாம் அதை மென்று முழுங்கிவிடுவோம். டெல்மர் ஒருமுறை தன் மானின் முன்னந்தொடைக்குள் செப்புக் கம்பித் துண்டு ஒன்றைச் சொருகிக் கொடுத்தான். பனிக்கட்டியாய் உறைந்த கறிப் பொட்டலங்கள் வந்ததும் ஒவ்வொன்றாக இளகவைத்துப் பிரித்துத் தேடினான். கம்பி கிடைத்தது. கடைக்காரர் நல்லவர்தான் போலிருக்கிறதே என்றாள் லோர்னா. கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்றான். இப்படிப்பட்டவனிடம் என்னத்தைப் பேசுவது?

மாவட்டச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுவதும், குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் அவன் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாலிபத்திலிருந்து வருஷாவருஷம் மலையாட்டுக் கடா வேட்டைக்கு அனுமதி தரும் அரசுக் குலுக்கலில் பெயர் கொடுத்துவந்தான். விழவில்லை. குலுக்கலே பொய், அதிகாரிகளின் மச்சான்களுக்குத்தான் விழும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அறுபதைத் தாண்டி, ஒரு முட்டியில் அறுவை செய்து இரும்பு வைத்து, இன்னொரு முட்டியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்த வருஷத்தில் அவன் பெயர் விழுந்தது. இனி இன்னொரு தடவை விழுந்தாலும் ஏற அவனுக்குக் கால் இருக்காது. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவனுடைய பழைய துப்பாக்கி கொட்டகைக் கதவு மாதிரி கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. அதனால் இலேசுத் துப்பாக்கி ஒன்று வாங்கினான். தோளில் வைக்கக் கார்பன் இழையில் செய்த கட்டை, பென்சில் போல மெலிந்த குழல், மொத்தமே ஐந்து பவுண்டு சொச்சம். நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழும் என்று செய்தவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இடாஹோ ஃபால்ஸ் கடையில் அதன்மேல் குறிபார்க்கிற ஸ்கோப்பை மாட்டி வைத்திருந்தார்கள். டெல்மருக்கு விடுப்பு கிடைக்காததால் நான்தான் போய் எடுத்துவந்தேன். அதுதான் நான் செய்த உபகாரம்.

ஊருக்கு வெளியே சரளைக் குழியில் வைக்கோல் கட்டின்மேல் காகிதத் தட்டைக் குத்தி வைத்துச் சுட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மெல்லிய சட்டையோடு போய் மேஜையில் உட்கார்ந்தான். முதல் மூன்று குண்டும் நன்றாகத்தான் விழுந்தன. எங்களில் வேறு எவனாக இருந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான். டெல்மருக்கு நல்லது நடந்தால் மூக்கு வியர்த்துவிடும். அது தற்செயலாக இருக்கலாம் என்று இன்னும் சுட்டான். குழல் சூடேறியது. குண்டுகள் தட்டில் விலகி விலகி விழுந்தன. ஆற விடாமல், பெட்டி தீரும் வரை, அடுத்த பெட்டியும் தீரும் வரை சுட்டான். இலேசுத் துப்பாக்கி தன் உதையைத் தான் தாங்காது. எல்லாவற்றையும் சுடுகிறவன் தோளுக்கே கொடுத்துவிடும். அன்று சாயங்காலம் அவன் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்ததாக லோர்னா சொன்னாள்.

ஊர்க் காபிக்கடையில் இந்த மாதிரி துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. முதல் குண்டு மட்டும்தான் நம்முடையது, சூடேறிய பிறகு போவதெல்லாம் கடவுளுடையது என்றான் ஒருவன். கட்டையும் குழலும் எங்கோ உரசுகிறது, காகிதத்தை நடுவில் ஓட்டிப் பார் என்றான் இன்னொருவன். திருகாணி இறுக்கத்தில் இருக்கிறது விஷயம் என்றான் மூன்றாமவன். தன்னுடையது தங்கம், ஒரு குறையும் கிடையாது என்று நாலாமவன் சொன்னபோது டெல்மர் அவனை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு என்னிடம், அவனுக்குக் கம்பெனியில் ஆள் இருக்கும் போல என்றான். குறை சொன்ன எல்லோரையும் நம்பினான். நன்றாகச் சொன்ன ஒருவனை நம்பவில்லை.

காகிதத்தை ஓட்டிப் பார்த்தான், எங்கும் உரசவில்லை. தோட்டா வகையை மாற்றினான். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினான். ஒவ்வொரு சோதனைக்கும் இன்னொரு பெட்டி, தோளுக்கு இன்னொரு அடி. தட்டில் ஓட்டைகள் இன்னும் அகன்றன. கடைசியில் துப்பாக்கியையே செய்தவர்களுக்குத் திருப்பி அனுப்பினான். அவர்கள் சுட்டுப் பார்த்து, மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கிற தாளோடு திருப்பி அனுப்பினார்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இது குண்டு போட்ட ஓட்டையில்லை, துளைக்கிற மெஷினில் போட்டது என்று முடிவு செய்தான்.

அப்புறம் சந்தேகப்பட மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

எங்கள் களத்துக்கே வந்தான். நான் வைக்கோல் கட்டுகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், அன்னிக்கு எந்த ரோட்டுல வந்த?"

"எப்பவும் வர்ற ரோடுதான். ஏன்?"

"வழியில எங்கயாவது நிறுத்துனியா?"

"பசிச்சுது. நிறுத்தி முட்டை சாப்ட்டேன். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

புரிந்துவிட்டது எனக்கு. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மறைக்கிறேன் என்று நினைக்கிறான். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "கீழ போட்டேன் மாப்ளே. எடுத்து அதும்மேல ஏறிக் குதிச்சேன். அப்புறம் ஆத்துல போட்டு அலசிக் கொண்டாந்தேன். போதுமா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. இதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்று யோசிக்கிற முகத்தோடு போய்விட்டான். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு மாசம் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

வேட்டைப் பருவம் நெருங்கியபோது லோர்னாதான் வந்தாள். கோழிக்கறி வேகவைத்த பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"அண்ணா, நீ வரலன்னா அவர் தனியாத்தான் போவாரு. அந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏறிடுவாரு. எறங்க மாட்டாரு."

"என்னையத் திருடன்னு நெனைக்கிறவன்கூட நான் மலைக்குப் போகணுமா?"

"என்னையே இன்னும் அப்படித்தான் நெனைக்கிறாரு. நான் சமைச்சுப் போடலயா?"

மறுநாள் அவனோடு சரளைக் குழிக்குப் போனேன்.

இந்தத் தடவை துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். விசையை அழுத்துவதற்குச் சற்று முன்னால் அவன் கண் இறுக மூடிக்கொண்டது. தோள் முன்னால் தள்ளியது. அவனுக்கே தெரியாது. அடி வாங்கி வாங்கி உடம்பு தானாகப் பதுங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்களிடையே இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. சுடுகிறவனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்துவிடுவோம். நான் ஏற்றித் தருகிறேன், நீ சுடு என்று சொல்லி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்று டம்மியைப் போட்டு, தோட்டா அறையை மூடும் தாழை அடைத்துக் கொடுத்தேன்.

'டக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை யாரோ காலால் மிதித்த மாதிரி கீழே போய்விட்டு மேலே வந்தது.

அவன் மெல்லத் திரும்பினான். "என்னத்தப் போட்ட?" என்றான். தாழை இழுத்து டம்மியை வெளியே எடுத்து, உருட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் குழல் குனிந்தது. வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊரில் யாரையும் விடாமல் சந்தேகப்பட்டவன், ஒருவனை மட்டும் விட்டுவைத்திருந்தான்.

மறுநாளிலிருந்து அதுதான் எங்கள் பாடம். நான் மறைத்து ஏற்றுவேன். உள்ளே இருப்பது நிஜமா டம்மியா என்று அவனுக்குத் தெரியக் கூடாது. தெரியாதபோது உடம்பு பதுங்க மறந்துவிடும், வருவது வரட்டும் என்று விசையை மெதுவாக அழுத்துவான். தோளுக்கு மெத்தை வைத்தோம். மூன்று குண்டு போட்டால் குழலை ஆற விட்டோம். மெல்ல மெல்லத் தட்டில் ஓட்டைகள் ஒன்றுகூடி வந்தன. ஒரு நாள் மூன்றையும் ஒரே நாணயத்தால் மூட முடிந்தது. நாணயத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தான், என் பையிலிருந்து எடுத்த நாணயம் என்பதால்.

ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தேன். நான் ஏற்றிக் கொடுத்த பிறகு அவன் தாழைத் திறந்து பார்க்கக் கூடாது. சோறு போட்ட கரண்டியையே மோந்து பார்க்கிற அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கவில்லை.

மலையிலும் அதேபோலச் செய்வது என்று பேசிக்கொண்டோம். முதலில் வருவது டம்மியாகவும் இருக்கலாம், 'டக்' என்றால் சத்தமில்லாமல் தாழை இழுத்து விடு, அடுத்தது நிஜம் மேலே வரும் என்றேன். சரி மச்சான் என்றான். அந்தக் கடாவை நீயே சுட்டுக்கொடேன் என்று ஒரு பேச்சு அவன் வாயில் வரவில்லை. அவன் பெயரில் விழுந்த கடாவை வேறொருவன் சுடுவது சட்டப்படி குற்றம், எங்கள் ஊர் வழக்கப்படி அதைவிடக் கேவலம்.

வேட்டைப் பருவம் தொடங்கியதும் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு, அங்கிருந்து விடிவதற்குள் கிளம்பினோம். முட்டி மடங்காமல் காலைப் பக்கவாட்டில் வீசி வீசி ஏறினான். வாய் திறந்து ஒரு முனகல் இல்லை. வெயில் பாறை மேல் விழுந்த நேரத்தில், பள்ளத்துக்கு அப்பால் தனியாக ஒரு கிழட்டுக் கடா படுத்திருந்தது. கொம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. எட்டக்கூடிய தூரம்தான். பையைப் பாறையில் வைத்து, அதன்மேல் துப்பாக்கி தாங்கும்படி அவனைப் படுக்க வைத்தேன்.

திரும்பி உட்கார்ந்து தோட்டாவை ஏற்றி, தாழை மூடிக் கொடுத்தேன். கடாவைத் தொலைநோக்கியில் பிடித்தேன். எழுந்து நின்றது. பக்கவாட்டில் நின்றது. இதைவிட நல்ல நிலை யாருக்கும் வாய்க்காது.

அவன் சுடவில்லை. கடா நின்றுகொண்டே இருந்தது. என் காதருகில் இரும்பு மெல்ல உரசுகிற சத்தம் கேட்டது. தொலைநோக்கியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க நினைத்தேன். அதற்குள் துப்பாக்கி வெடித்தது.

கடாவின் காலடிக்குக் கீழே, வெகு கீழே, பாறையில் புழுதி எழுந்தது. கடா ஒரு தாவலில் முகட்டைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பள்ளம். நல்ல காலுள்ளவனே அங்கே இறங்கமாட்டான்.

துப்பாக்கி விழுந்துவிட்டதா, ஸ்கோப் இடித்துவிட்டதா, தோட்டா ஈரமா என்று ஆரம்பிப்பான் என்று காத்திருந்தேன். அவன் அப்படியே படுத்துக்கிடந்தான். கன்னம் கட்டைமேல் இருந்தது.

"தெறந்து பாத்துட்டேன் மச்சான்."

நான் தொலைநோக்கியை உறைக்குள் போட்டேன்.

"டம்மியத்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன். நிஜத்தப் பாத்ததும் கண்ணு தானா மூடிக்கிச்சு."

இத்தனை வாரம் தோளைப் பிடித்து உட்கார வைத்து, கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு கடாவுக்கு முன்னால் நான் அவனை ஏமாற்றுவேன் என்று நினைத்திருக்கிறான். அவனை அந்தப் பாறையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவன் இடது முட்டி வீங்கிக் கால்சட்டை இறுகியிருந்தது. கையைக் கொடுத்துத் தூக்கினேன். மிச்ச நாட்கள் கூடாரத்தில் படுத்தே கிடந்தான்.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது லோர்னா வாசலில் நின்றாள். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள், வெறுமையாக இருந்தது. என்ன ஆச்சு என்று என்னைக் கேட்கவில்லை, அவனைத்தான் கேட்டாள். யார்மேல் பழி விழப்போகிறது என்று தெரிந்துகொண்டால் அதற்குத் தகுந்த மாதிரி பேசலாம் என்பது அவள் கணக்கு.

டெல்மர் துப்பாக்கியை உறையோடு சுவரில் சாய்த்தான்.

"துப்பாக்கி நல்ல துப்பாக்கி," என்றான். "ஒரு குறையும் இல்ல."

லோர்னா மேற்கொண்டு வருவதற்காகக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். கடைசியாக என் பெயரையாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் திட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன், நெஞ்சு இப்படி வலித்திருக்காது. அவன் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முட்டியைத் தூக்கி நேராக்கி வைத்துக்கொண்டு, காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.