ராமாயி பெயர் பாறையில் விழுந்தது

மேப் போடும் தொழிலில் வரைவது பாதி வேலை. எதில் வரைவது என்று சண்டை போடுவது மீதி வேலை. மவுஸ் பிடித்தே மணிக்கட்டு வீங்கியவர்களே, உங்கள் ஆபீஸிலும் இந்தச் சண்டை ஓடினால் நீங்கள் எனக்குச் சொந்தம்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீஸில் இரண்டே பேர். சாஃப்ட்வேரைத் திறந்து ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்து வைப்பவள் நான். புரோகிராம் எழுதி, அதையே மேப் போட வைப்பவன் குமரேசன். கல்வராயன் மலையில் ஓர் ஊரிலிருந்து வேலை வந்தது. உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டு நூற்று முப்பத்தாறு குடும்பங்கள் மனு போட்டிருந்தன. ஒவ்வொரு மனுவோடும் ஒரு மேப் வேண்டும்.

காலால் போட்ட கோடு

முதலில் அளந்தது ராமாயி என்ற அம்மாவின் சாமைக் கொல்லை. ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்து எல்லையோரம் நடந்தால், நடந்த தடம் திரையில் கோடாக விழும். வேலி இல்லை, கல் இல்லை. குத்துமதிப்பாகத்தான் நடந்திருப்பார் என்று நினைத்து இன்னொரு சுற்று போகச் சொன்னேன். புதரோ சரிவோ, எதையும் குனிந்து பார்க்காமல் போய் வந்தார். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. எப்படிம்மா என்றேன்.

“பன்னி வெரட்டிக்கினு இருட்டுல ஓடற எடம்மா, காலுக்குத் தெரியாதா?”

டீ ஆறுவதற்குள்

எல்லா நிலத்தையும் அளந்து முடித்தபோது, மனுக்கள் மீதான விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஒரு மேப்புக்கு எனக்கு முக்கால் மணி நேரம். கணக்குப் போட்டதுமே தலை சுற்றியது. குமரேசன் எதையோ தட்டிவிட்டு எழுந்து சோம்பல் முறித்தான். நான் டீ வாங்கி வந்தபோது பிரின்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தாள் தாளாக நூற்று முப்பத்தாறும் வந்தன, எழுத்தும் நிறமும் அச்சுப் பிசகாமல். இத்தனை நாள் அவனைக் கிண்டல் செய்த வாய் திறந்தபடியே நின்றது.

“இன்னாக்கா, இன்னும் மொத மேப்புக்கே கலர் தேடிக்கினு இருக்கீங்களா?”

பேர் போன இடம்

விசாரணைக்கு முந்தின நாள் மேப்புகளை ஊரில் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். எல்லாரும் தாளை வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ராமாயி மட்டும் தாளைக் கீழே வைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த எழுத்தே தன் கையெழுத்துதான். மேப்பில் அந்தப் பேர் அவர் நிலத்தில் இல்லை. அவர் கொல்லை ஒரு பெரிய பாறையை அரிவாள் மாதிரி வளைத்துக்கொண்டு கிடக்கிறது. நிலத்தின் நடுப்புள்ளியில் பேரை எழுது என்பது புரோகிராமுக்கு உத்தரவு. அரிவாளுக்கு நடுப்புள்ளி அரிவாளில் இருக்காதே! பேர் போய் வனத்துறைக்குச் சேர்ந்த பாறையில் உட்கார்ந்துவிட்டது. மனுவைத் தள்ளிவிட அது ஒன்றே போதும். நூற்று முப்பத்தாறையும் சரிபார்த்தவள் நான். வெட்கத்தில் காது சுட்டது.

“பாறையிலயாம்மா நான் சாமை வெதைக்கிறேன்?”

என் வெற்றி, அரை நிமிடம்

லேப்டாப்பைத் திறந்து, ராமாயியின் பேரை மவுஸால் பிடித்து அவர் நிலத்தில் இறக்கிவைத்தேன். பார்த்தாயா என்று குமரேசனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை; புரோகிராமில் நாலு வரி சேர்த்துக்கொண்டிருந்தான். பேர் வெளியே விழுந்த மேப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கச் சொல்லியிருக்கிறான். இன்னும் ஒன்பது வந்தன. ஒன்பது குடும்பம்! அவற்றில் கையெழுத்துகூட வாங்கியாகிவிட்டது. பத்தையும் திருத்தி, புதுத் தாளில் மறுபடி கையெழுத்து வாங்க ஓடினோம்.

“ஒண்ண நீங்க சரி பண்ணீங்க, ஒம்பத அது கண்டுபுடிச்சுது. மொதல்ல சொன்னது அந்த அம்மாதான்க்கா.”

விசாரணை

மறுநாள் அதிகாரி ராமாயியின் மேப்பைத் தூக்கிப் பிடித்து, உங்கள் நிலம் எது, காட்டுங்கள் என்றார். ராமாயி தாளை அவர் கையிலிருந்து வாங்கினார். ஜன்னலுக்கு வெளியே மலை எப்படி நிற்கிறதோ அப்படித் தாளைத் திருப்பி மேசையில் வைத்து, தன் பேர் மேல் உள்ளங்கையைப் பதித்தார். மேப்பை இத்தனை வருடம் போட்டவள் நான். ஒருவர் அதைப் படித்து அன்றுதான் பார்த்தேன்.

“தலகீழா புடிச்சிக்கினு இருந்தீங்க சார், இப்ப பாருங்க.”

அதிகாரி சிரித்துக்கொண்டே மனுவை ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் எங்கள் ஆபீஸில் மேப்பைப் புரோகிராம் போடுகிறது, நான் திருத்துகிறேன், நிலத்துக்காரர் தலையாட்டிய பிறகுதான் நாங்கள் இருவரும் சண்டையைத் தொடர்கிறோம்.