மூன்றாம் தரம் கேட்டால்தான்

நோபல் பார்க் என்கிற எங்கள் புறநகரில் யோகா அன்ரியைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. டண்டினோங்கில் காய்கறி பொதி செய்யும் வேலை முடிந்து வருவார். உடை மாற்றுவதற்குள் யாருக்கோ டாக்டர் தேடியும் யார் பிள்ளைக்கோ பள்ளிக்கூடம் விசாரித்தும் நாலு போன் போயிருக்கும். ஆனால் தனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு, நான் எதையும் நேராகக் கேட்டுவிடும் மதுரைக்காரன் வேறு, அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

அவர் கணவர் தேவராஜா அங்கிள், பக்கவாதம் வந்ததிலிருந்து வீல்செயரில்தான் இருக்கிறார். எங்கள் தெருமுனையில் பெரிய ரோடு, அதற்கு அந்தப் பக்கம் பார்க். சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய கூட்டாளிகள் அங்கே கூடி முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். அந்தக் கூச்சல் வீடு வரை கேட்கும். ஆனால் ரோட்டைக் கடக்க சிக்னலும் கிடையாது, வீல்செயரை இறக்கச் சரிவும் கிடையாது. “எனக்கு ஒண்டும் வேண்டாம்” என்று அங்கிள் யன்னலைச் சாத்திவிடுவார்.

அப்போதுதான் நகரக் கவுன்சிலிலிருந்து அறிவிப்பு வந்தது. அடுத்த பத்து வருடங்களில் உங்கள் பகுதி எப்படி இருக்க வேண்டும், வந்து சொல்லுங்கள் என்றார்கள். அன்ரிக்குக் கால் தரையில் பாவவில்லை. “தம்பி, எங்கட சிக்னல் வரப்போகுது!” என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்த மண்டபம் நிறைந்துவிட்டது. மீன் ரோல்ஸ் மணம் வாசலிலேயே வரவேற்றது. முணுமுணுத்துக்கொண்டே வந்த அங்கிளையும் கடைசி வரிசையில் இருத்தினார்.

கவுன்சில் அதிகாரி லின், ஸ்பிரிங்வேலில் வளர்ந்த வியட்நாமியப் பெண். சுவரில் எங்கள் பகுதியின் பெரிய வரைபடம் தொங்கியது. யார் எதைக் கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். மேசை மேசையாக வந்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பஸ் கேட்டேன். மற்ற எல்லோரும் சிரித்துத் தலையாட்டி, “நத்திங், எல்லாம் நல்லாயிருக்கு, தாங்க்யூ” என்றார்கள். அன்ரியும் அதையேதான் சொன்னார்! லின் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“ஏன் அன்ரி சிக்னலைக் கேக்கல?”

“அவ திருப்பிக் கேப்பா எண்டெல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்!”

“நானும்தான்,” என்றது பக்கத்து மேசை. “நாங்களும்!” என்றது அதற்கடுத்த மேசை.

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்பது வெறும் மரியாதை. இரண்டாவது வேண்டாமுக்குக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும். மூன்றாவதுக்குக் கோப்பை கையில் இருக்கும். பாவம், இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்!

வரைபடத்தில் எங்கள் பக்கம் என்னுடைய ஒற்றை ஸ்டிக்கரோடு வெறிச்சென்று இருந்தது. லின் மேசையை மடிக்கத் தொடங்கிவிட்டாள். அன்ரி ரோல்ஸ் தட்டோடு ஓடினார்.

“எடுங்கோ.”

“நோ, தாங்க்யூ.”

“ஒண்டு எடுங்கோ.”

“பரவாயில்லை, உண்மையாகவே வேண்டாம்.”

“எனக்காக!”

லின் எடுத்துக் கடித்தாள். “பாத்தீங்களா? பசிதானே? முதல்லயே எடுத்திருக்கலாமே? எங்கட ஆக்களும் மூண்டு தரம் கேட்டாத்தான் வேணுமெண்டு சொல்லுவினம்,” என்றார் அன்ரி. லின் வாய் நிறைய ரோல்ஸோடு சிரித்தாள். “வீட்டில் என் அம்மாவும் இப்படித்தான். அலுவலகத்தில் மட்டும் ஒரு தடவைதான் கேட்கப் பழகிவிட்டேன்!”

மடித்த மேசை மறுபடி விரிந்தது. மூன்று மூன்று தரம் கேட்டாள். அப்பப்பா, என்ன ஆரவாரம்! தெருவிளக்கு, நிழல்மரம், வாசிகசாலையில் தமிழ்ப் புத்தகம்! ஸ்டிக்கர் ஒட்டக் கை போதவில்லை. அன்ரி சிக்னலைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் லின் அவரைத் தாண்டிப் போய், அங்கிளின் முன்னால் குந்தியிருந்து கேட்டாள்.

“ஒண்டும் வேண்டாம்,” என்றார் அங்கிள்.

மறுபடி கேட்டாள். “யோகாவைக் கேளுங்கோ,” என்றார் அங்கிள்.

“நான் உங்களைத்தான் கேட்கிறேன்.”

அங்கிள் வரைபடத்தையே பார்த்தார். “எனக்கு அந்த ரோட்டைக் கடக்க வேணும், பிள்ளை. என்ர கூட்டாளியளோட சீட்டு விளையாட வேணும்.”

மண்டபமே கைதட்டியது. அன்ரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “வீட்டில நான் ஒரு தரத்துக்கு மேல கேக்கேல்லயே, தம்பி.”

திட்டம் வெளிவந்தபோது முதல் வருட வேலைகளில் எங்கள் சிக்னலும் சரிவும் இருந்தன. எல்லாம் முடிந்த முதல் சனிக்கிழமை கூட்டாளிகள் ரோட்டைக் கடந்து வந்தே அங்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்ரி இந்தப் பக்கமே நின்று, கார்க்காரர்கள் பார்க்கப் பார்க்கக் கையாட்டினார். அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிற வழியிலேயே யாரோ அவருக்குச் சீட்டைப் பகிர்ந்துவிட்டார்கள்.