குலசாமி பேரில் ஒரு பாஸ்வேர்டு

வேல்விழியின் அப்பா, அம்மா இருவரும் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போய்வந்துதான் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். 2007இல் சிவகாசியில், ரத்தினசாமி முதலாளியின் காலண்டர் அச்சகத்துக்கு அவள் ஒரு வெப்சைட் எழுதிக் கொடுத்தாள். வருகிற ஆர்டரையெல்லாம் ஆபீஸ் ஆட்கள் அதில் ஏற்றுவார்கள். இந்த சீசன் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார் முதலாளி.

ஆபீஸில் பதினோரு பேர். ஆளுக்கொரு அக்கவுண்ட் வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, "எல்லாரும் நம்ம பிள்ளைகதானம்மா, ஒண்ணு போதும்" என்றுவிட்டார். மனசில்லாமல் 'ஆபீஸ்' என்று ஒரே அக்கவுண்ட் வைத்தாள். பாஸ்வேர்டு முதலாளியின் குலசாமி பேர். சாமி பேரை ஒளிக்கலாமா என்று மஞ்சள் தடவிய சீட்டில் எழுதி எல்லா மானிட்டரிலும் ஒட்டிவிட்டார்கள் புண்ணியவான்கள்!

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிப் படங்களின் புது ஆல்பம் வந்ததும் ஆர்டர் குவிந்தது. ஐப்பசியில் ஒரு நகைக்கடைக்காரர் கேட்ட முருகன் படத்துக்குப் பதில் இரண்டாயிரம் காலண்டரில் ரோஜாப்பூ அச்சாகிவிட்டது. யாரோ கம்ப்யூட்டரில் பட நம்பரை மாற்றியிருந்தார்கள். யாரென்று தேடினால் 'ஆபீஸ்' என்று மட்டும் வந்தது. அன்றைக்கு அதிக நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் பத்திரகாளி. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். பழி அவள் தலையில் விழுந்தது.

"நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லிரு" என்று வேல்விழியிடம் சொன்னார் முதலாளி.

பேசாமல் இருந்தால் வேல்விழியின் வேலை தங்கும். ஆனால் அதைக் கேட்ட பத்திரகாளி அழக்கூடச் செய்யாமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா மேல தப்புன்னு சொல்ல முடியாது முதலாளி. பதினோரு பேர்ல யாரு மாத்துனாகன்னு அந்தச் சாமிக்குத்தான் தெரியும். நீங்க ஒண்ணு போதும்னீக, நானும் சரின்னு எழுதிட்டேன். அனுப்புறதுன்னா என்னைய அனுப்புங்க."

முதலாளி அவளை முறைத்தார். "ஆளுக்கொண்ணு வையி. ரெண்டு பேரும் இருங்க. உன் நிரந்தரத்தை அப்புறம் பாப்போம்" என்றார். தப்பு யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை.

வேல்விழி வெப்சைட்டை முதலிலிருந்து எழுதினாள். ஒவ்வொருவருக்கும் தனிப்பேர், தனிப் பாஸ்வேர்டு. எதை மாற்றினாலும் மாற்றியவர் பேரும் நேரமும் கூடவே பதிவாகும்.

வேலை முடிந்ததும் முதலாளி வந்து நின்றார். "எல்லாப் பாஸ்வேர்டையும் எழுதி எங்கிட்ட குடு."

"எங்கிட்டயே இல்ல முதலாளி. பாஸ்வேர்டு அடையாளம் தெரியாம மாறித்தான் கம்ப்யூட்டருக்குள்ள போகும். திருப்பி எடுக்க என்னாலயும் முடியாது."

"முதலாளிக்குக்கூடவா?"

"உங்களுதும் உங்களுக்கு மட்டுந்தான்."

பக்கத்து நாற்காலியில் பத்திரகாளி முதன்முதலாகத் தன் பேரைப் போட்டு உள்ளே போக உட்கார்ந்தாள். முதலாளி நிற்பதைப் பார்த்ததும் சேலை முந்தானையை எடுத்துக் கீபோர்டின் மேல் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

அவள் தட்டி முடிக்கட்டும் என்று முதலாளி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படி நின்றபடியே, "வேல்விழி, தை மாசத்திலருந்து நீ நிரந்தரம்" என்றார்.