காது தெரியாத வெள்ளி டாலர்

கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வண்டி ஒன்பதே முக்காலுக்கு. 1963, மாசி மாதத்துச் சனிக்கிழமை. அட்டனுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு மூன்று ரூபாய் எண்பது சதம். தோல்பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு பூதக்கண்ணாடி, இருநூறு ரூபாய். போர்வையை எடுத்து வைத்தவள் என் மனைவி. பணத்தை எடுத்து வைத்தது அவளுக்குத் தெரியாது.

அப்போது எனக்குச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வெள்ளி பார்க்கிற வேலை. கப்பலில் வந்திறங்குகிறவர்கள் கைச்செலவுக்காகப் பழைய அமெரிக்க வெள்ளி டாலர்களைக் கொண்டுவந்து விற்பார்கள். உருக்கப் போகிற காசுகளில் நல்லதாக ஒன்றிரண்டை நானே விலை கொடுத்து எடுத்துக்கொள்வேன். அப்படித் தொடங்கிய கிறுக்கு. ஒரு கப்பல் இஞ்சினியர்தான் எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். தேய்மானம் வேறு, அச்சின் அடி வேறு. ஒரு காசு நூறு கை மாறித் தேய்ந்தும் மழுங்கலாம், பிறக்கும்போதே அடி சரியாக விழாமலும் மழுங்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தத் தீவில் என்னை விட்டால் ஆளில்லை என்று அந்த நாளில் நம்பிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதில் அவ்வளவு திமிர் இருக்கத்தானே செய்யும்!

என்னைக் கிளப்பியது என் பள்ளித் தோழன் ராஜகோபாலின் கடிதம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் கணக்கெழுதும் கிளாக்கர். அங்கே அக்கா தங்கை இருவரிடம் ஆளுக்கொரு அமெரிக்க டாலர் இருக்கிறதாம், இரண்டிலும் ஒரே வருடமாம். ஒன்றில் பெண் தலையின் முடியெல்லாம் எண்ணலாம் போல இருக்கிறதாம். "விற்பார்களா தெரியாது. ஆனால் நீ வந்து பார்த்தே ஆக வேண்டும். காரணத்தை நேரில் சொல்கிறேன்" என்று முடித்திருந்தான். முடியை எண்ணலாம் என்றதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

ரம்புக்கனை தாண்டியதும் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. எதிரே அட்டனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். என் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது அட்டன் குளிருக்குக் காணாது தம்பி."

"ரெண்டு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. பொறகு எங்கட கடைக்குத்தான் வருவாங்க" என்று சிரித்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "துணி பரவாயில்ல. தகரப்பெட்டிதான் நல்லா ஓடுது. இந்தியாவுக்குப் போற சனம். கிழமைக்கு ரெண்டு குடும்பமாச்சும் வந்து வாங்குது." அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நாவலப்பிட்டியில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளினார்கள். வட்டவளையில் மழை. அட்டன் நூற்றெட்டாவது மைல். இறங்கும்போது மூன்றே கால். வாயைத் திறந்தால் புகை வந்தது. டிக்கோயாவுக்குப் பஸ்ஸில் பதினைந்து சதம். அங்கிருந்து ராஜகோபாலோடு தேயிலைக்கு நடுவே ஒன்றரை மைல் ஏறினேன். மழை விட்ட மலையின் அந்தப் பச்சை வாசனை இன்றைக்கும் எங்காவது ஈரத்துணி காயும்போது நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஏறும்போதுதான் அவன் காரணத்தைச் சொன்னான். அக்கா பார்வதி, தங்கை செல்லாயி. அவர்களுடைய அப்பா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஒருமுறை பங்களாவுக்கு வந்த அமெரிக்க விருந்தாளி, அவர் சமையலில் மயங்கி இரண்டு வெள்ளி டாலரைக் கையில் வைத்துவிட்டுப் போனார். கண் மூடுவதற்கு முந்தின வருடம் அவர் ஆளுக்கொன்றாக மகள்களுக்குக் கொடுத்தார். செல்லாயி தன் காசைத் துணியில் முடிந்து தகரப்பெட்டியில் போட்டவள், பிரித்தே பார்க்கவில்லை. பிறகு ஒரு பிரசவத்துக்காக டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெட்டியை அக்காவிடம் ஒப்படைத்திருந்தாள். திரும்பி வந்து ஒருநாள் முடிச்சை அவிழ்த்தால், அப்பா கொடுத்தபோது பளிச்சென்று இருந்த காசில் முகம் மழுங்கியிருந்தது.

"அக்கா தன்னோட காச இடுப்புச் சுருக்குப் பையில போட்டுத் தேய்ச்சிட்டா, அத என் பெட்டியில வச்சுட்டு என்னோடத எடுத்துக்கிட்டா. இதுதான் செல்லாயி சொல்றது. பார்வதி தேய்க்கவே இல்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணுறா. பதினோரு வருசமாப் பேச்சில்லை. நடுவுல ஒரு சுவர்தான், அடுத்தடுத்த காம்பிரா" என்றான் ராஜகோபால்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"செல்லாயி குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருச்சு. திங்கக்கிழமை காலையில ரயில். இப்படியே போயிட்டா இந்த ஜென்மத்துல பேச மாட்டாங்கடா. நீ சொன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

காசு வாங்கப் போனவன் தலையில் பஞ்சாயத்தைக் கட்டியிருந்தான். அவன் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதும் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னான். எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு, மலையில் வேலை இல்லை. பத்து மணிக்கு லயத்து வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் பார்வதி, நாற்பது வயதிருக்கும், ஒட்டிய கன்னம், தரையைப் பார்த்தபடி நின்றாள். மறுபக்கம் செல்லாயி, அவளைவிட ஐந்தாறு வயது இளையவள், கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

முதலில் பார்வதியின் காசு. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. உள்ளங்கையில் வைத்ததுமே வெளிச்சத்துக்குத் திருப்பினேன். காதுக்கு மேலே முடி இழை இழையாகப் பிரிந்திருந்தது. கழுகின் மார்பில் இறகு ஒவ்வொன்றும் தனித்தனி. சாய்த்துப் பிடித்தால் ஒளி அதன் மேல் சுற்றி ஓடியது. பத்து வருடக் கிறுக்கில் அப்படி ஓர் அடி விழுந்த காசை நான் தொட்டதில்லை.

அடுத்துச் செல்லாயி தன் முடிச்சை அவிழ்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரு வெறும் பளபளப்பு.

"இத என்ன பண்ணுனீங்க?"

"காலையில புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேய்ச்சேங்க" என்றாள் பெருமையாக. "கொழும்புலருந்து ஒரு பெரிய மனுசர் பாக்க வர்றப்ப அழுக்கோடயா குடுக்கிறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். அச்சிலிருந்து வந்த காசுக்கென்று ஒரு மினுக்கம் உண்டு. மழுங்கிய இடத்திலும் அது இருந்தால் தேயவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தச் சாட்சியை இவள் புளி போட்டுக் கழுவிவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் முகம் சுருங்கிப்போனது. வந்தவனுக்கு மரியாதை செய்தவளை அத்தனை பேர் முன்னால் திட்டியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ராஜகோபால் மெல்ல, "வேற வழி ஒண்ணும் இல்லியாடா?" என்றான்.

வெயில் படும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியை எடுத்தேன். காது இருக்க வேண்டிய இடம் வழவழப்பான மேடு. கழுகின் மார்பும் அப்படியே. ஆனால் விளிம்பு கூர்மையாக இருந்தது. அதன் பக்கவாட்டு வரிகள் விரல் நகத்தில் உரசின. சுற்றியிருந்த எழுத்துகள் மூலை மழுங்காமல் நின்றன. சுருக்குப் பையில் கிடந்து தேய்ந்த காசில் விளிம்பும்தான் தேய்ந்திருக்கும். அதன் பிறகு காது இருக்க வேண்டிய இடத்தையே கால் மணி நேரம் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. அந்த மேட்டின் மேல் பொடிப்பொடியாகக் கீறல்கள், சிறு சிறு குழிகள். காசாக அடிக்கப்படுவதற்கு முன்னால் வெள்ளித் தகட்டில் இருந்த தழும்புகள் அவை. அச்சு நன்றாக அழுந்தியிருந்தால் அவை நசுங்கிப்போயிருக்கும். தேய்ந்திருந்தால் முதலில் தேய்வதே அவைதான்.

"ராஜகோபால், ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பை லேசா வச்சு எடுத்தா என்ன ஆகும்?"

"ஓரம் விழும், நடுவுல விழாது."

"இதுவும் அப்படித்தான். இந்தக் காசு தேயலை. பிறக்கும்போதே காது இல்லாமப் பிறந்திருக்கு. யாரும் பையில போட்டுத் தேய்க்கலை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசல் நிறைய ஆட்கள் வாய் பிளந்து நின்றார்கள். "அதனால யாரும் மாத்தவும் இல்லை" என்று சேர்த்துக்கொண்டேன்.

செல்லாயி விடுவிடுவென்று நடந்துபோய் அக்காவின் காலில் விழுந்தாள். "தப்பா நெனச்சுட்டேன்க்கா. பதினோரு வருசம் பாவத்தக் கட்டிக்கிட்டேன்." பார்வதி அவளைத் தூக்கி நிறுத்தினாள். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காசை விலைக்குக் கேட்க அது நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அட்டன் நிலையத்தில் பாதி லயம் வந்து நின்றது. நானும் அதே வண்டியில் மலையிறங்குவதாக ஏற்பாடு. செல்லாயி, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள், புதுத் தகரப்பெட்டிகள் நான்கு. பொல்காவலையில் வண்டி மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை இப்போது எழுதும்போதும் காதில் கேட்கிறது.

பார்வதி என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள்.

"ஐயா, நீங்க சொன்னது பொய்யில்ல. காசு தேயல. ஆனா காசு மாறுனது நெசம்."

செல்லாயி நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அப்பா குடுத்த அன்னிக்கே மாத்திட்டேங்க. எனக்குக் குடுத்ததுல மூஞ்சி சரியாத் தெரியல. அவ தண்ணி எடுக்கப் போயிருந்தா. துணிய அவுத்து மாத்தி வச்சிட்டேன். பையில போட்டுத் தேய்ச்சேன்னு அவ சொல்லவும், அது பொய்தானேன்னு தைரியமாச் சத்தியம் பண்ணுனேன்." அவள் குரல் உடைந்தது. "அவ திட்டுனதெல்லாம் தாங்கிக்கிட்டேன் ஐயா. நேத்து கால்ல விழுந்தா பாருங்க, அதத் தாங்க முடியல."

முந்தானை முடிச்சிலிருந்து அந்தக் காசை எடுத்து என் கையில் வைத்தாள். "வட்டவளை தாண்டுனதும் குடுங்க. விசயத்தையும் சொல்லிருங்க. இப்பவே தெரிஞ்சா எறங்கிருவா."

வண்டி கிளம்பியது. என் கனவுக் காசு என் சட்டைப்பையில் இருந்தது. அதன் மேல் ஆசை துளியும் இல்லை. உண்மையைச் சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கிக் காலில் விழ வைத்தவன் நான்தான். ரொசல்லை போனது, வட்டவளை போனது. செல்லாயியின் எதிரே போய் உட்கார்ந்து காசைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் காதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றாள். "என் புருசன்கூட நம்பலைங்க. கனவு கண்டியான்னு கேட்டாரு." பிறகு ஒரேயடியாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "திருட்டுச் சிறுக்கி!"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடியில இது தெரியலைங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கண்ணாடியில காசு மட்டுந்தான் தெரியும்."

பொல்காவலை வரப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் முடிச்சிலிருந்து மழுங்கிய காசை எடுத்து நீட்டினாள். "இத அக்காகிட்டச் சேத்துருங்க. ஒரு கடுதாசியும் எழுதணும்." நான் பேனாவைத் திறந்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

அன்று மாலையே கோட்டைத் தபாலகத்தில் காசையும் கடிதத்தையும் ராஜகோபால் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் தேய்ந்தவை என்று நான் ஒதுக்கி வைத்திருந்த டாலர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கத் தொடங்கினேன். மனைவி வந்து, போர்வை போதுமானதாக இருந்ததா என்று கேட்டாள். போதவில்லை என்று சொன்னேன். எடுத்துப்போன இருநூறு ரூபாயைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

கடிதத்தில் இரண்டே வரி. "அக்கா, அப்பா உனக்குக் குடுத்தது இதோட வருது. புளி போட்டுத் தேய்க்காதே, அந்த ஐயா திட்டுவாரு."